சித்தப்பா நட்ட மே மரம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ரைன் நதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஜெர்மன் கிராமத்தைப் பற்றி மொன்றியல் நகரத்தில் என்னளவுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அது என் சித்தப்பா. நான் அந்த ஊருக்குப் போனதில்லை, இன்றுவரைக்கும் இல்லை. ஆனால் அங்கே சனிக்கிழமை காலையில் எந்த வீட்டுக்காரர் தன் வாசல் தெருவைக் கூட்டுவார், யார் கூட்டாமல் கள்ளமடிப்பார் என்பது வரை எனக்குத் தெரியும்.

சித்தப்பா அகதியாகப் போய் இறங்கியபோது அரசாங்கம் அவரையும் வேறு இரண்டு பெடியன்களையும் அந்த ஊரின் பழைய பள்ளிக்கூடத்து மேல்மாடியில் கொண்டுபோய் விட்டதாம். பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளிக்கூடம். மற்ற இருவரும் ஒரு குளிர்காலத்தோடு நகரத்துக்கு ஓடிவிட்டார்கள். சித்தப்பா பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். பிறகு அங்கே வேலை சரியில்லை என்று, அப்பா கூப்பிட, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டுச் சோபாவுக்கு வந்து சேர்ந்தார். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் நான் கேள்வியோடு போய் நிற்பேன்.

கேட்கக் கேட்க ஊர் வளர்ந்தது. ஊர்த் தலைவர் முழுநேரத் தலைவர் இல்லை. காலையில் மாடு கறந்து, வயலுக்கு ட்ராக்டர் ஓட்டி, பின்னேரம் கை கழுவிக்கொண்டு தலைவராகிவிடுவார். ஊரில் கடை கிடையாது. பாண்காரன் தன் வான் வண்டியில் வந்து ஹோர்ன் அடித்தால் பெண்கள் உள்வீட்டுச் செருப்போடு ஓடி வருவார்கள். ஏதோ ஒரு பழைய சண்டையில் இந்தப் பக்கம் போன படையும் தேவாலயத்தை எரித்ததாம், திரும்பி வந்த படையும் எரித்ததாம். ஊர் ஓரத்துச் சின்ன ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரையும் இந்த ஊரையும் அரசாங்கம் ஒன்றாக்கி ஒரே பெயர் வைத்துவிட்டது. இரண்டு ஊராரும் அதை ஒத்துக்கொள்ளாமல் தனித்தனித் தீயணைப்புப் படை வைத்திருந்தார்கள். சித்தப்பா ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் படையில் ஆள். நெருப்பு எப்போதாவதுதான் பிடிக்கும், பிடித்தால் எந்தப் படை முதலில் போவது என்பதில்தான் பிரச்சினை என்பார்.

நான் அவ்வளவையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பாலம், மணிக்கூண்டு, தலைவரின் மாட்டுக்கொட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்து போக என்னால் முடிந்தது. எங்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவா. சித்தப்பாவின் ஊரைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வந்தது.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கலியாணப் பேச்சு நடந்தது. பெண் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கு வருகிற ஓர் அக்கா, கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. இரண்டு பேரும் கோவில் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இரண்டு மூன்று தடவை கதைத்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அவவை நன்றாகப் பிடித்துவிட்டது. கோவிலுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் கண்ணாடிக்கு முன்னால் நின்ற நேரத்தை வைத்தே அதைச் சொல்லலாம். அவவின் தகப்பனார் மன்னார்க்காரர், கொஞ்சம் இறுக்கமானவர். மே முதலாம் திகதி ஞாயிறு பூசை முடிய முடிவு சொல்கிறேன் என்றிருந்தார்.

அந்த ஞாயிறு விடிய எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தது. அப்பா எடுத்தார். மறுமுனையில் சத்தம் பெரிதாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

“என்ர பிள்ளையின்ர வாசலிலை பட்ட மரத்தைக் கட்டினது ஆர்? உங்கட தம்பிதான் விடிய வந்து போனவர் எண்டு மேல்வீட்டு ஆக்கள் சொல்லினம்.”

அப்பா சோபாவைப் பார்த்தார். சித்தப்பா உடுப்புப் போட்டு ஆயத்தமாக உட்கார்ந்திருந்தார். “நான்தான் அண்ணை” என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சித்தப்பாவின் ஊரில் மே மாதம் பிறக்கும் இரவு, பெடியன்கள் காட்டில் வெள்ளைப் பட்டை உரிகிற வெண்பூர்ச்ச மரம் ஒன்றை வெட்டி, வர்ணத்தாள் நாடாக்கள் கட்டி, தங்களுக்குப் பிடித்த பெண்ணின் வீட்டு வாசலில் நட்டுவிட்டு வருவார்கள். அதைச் சித்தப்பா எனக்குச் சொல்லியிருந்தார். இங்கே அவர் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் காணி வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவரிடம் கேட்டு மரம் எடுத்திருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார், ஒன்றைத் தவிர. அங்கே மே பிறக்கும்போது மரம் பச்சையாக இலைவிட்டு நிற்கும். மொன்றியலில் அப்போதுதான் கடைசிப் பனி கரைந்து முடிந்திருந்தது. ஒரு மரத்திலும் ஓர் இலை கிடையாது.

பஸ் எடுத்துப் போனோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். வீட்டில் தனியாக விடமுடியாது என்பதால்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். மரம் அக்கா வீட்டு வாசல் படிக்கட்டுக் கம்பியில் கட்டியிருந்தது. உள்ளபடி சொன்னால் பார்க்க நன்றாக இல்லை. வெள்ளையாக ஒரு மொட்டைக் கொப்பு, இரவு மழையில் நனைந்து சாயம் ஒழுகிய சிவப்பும் மஞ்சளும் நாடாக்கள். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் பட்ட மரம் நிற்பதைப் பார்த்து, முதல் பூசைக்குப் போன சனம் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சிலுவை போட்டுக்கொண்டு கடந்ததாம்.

உள்ளே எல்லோரும் இருந்தார்கள். அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றா. தகப்பனார் சித்தப்பாவைப் பார்த்து, “ஏன் தம்பி இப்பிடிச் செய்தனீர்?” என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் மணிக்கணக்காகக் கதைக்கிற சித்தப்பா கையில் தொப்பியை வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கலியாணம் குழம்பப் போகிறது என்று அம்மாவின் முகத்தில் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை, நான் தொடங்கிவிட்டேன். ஊர், ஆறு, பெடியன்கள், மரம் எல்லாம் சொன்னேன். தமிழ் வராத இடத்தில் பிரெஞ்சைப் போட்டேன். மாதம் முடிய மரத்தை நட்டவரே வந்து கழற்ற வேண்டும், அப்போது பெண்ணின் தகப்பன் அவருக்கு ஒரு பெட்டி பியர் கொடுப்பார், தாய் கேக் கொடுப்பா, பெண் கன்னத்தில் கொஞ்சுவா என்றும் சொன்னேன். அப்பா மேலே பார்த்தார். அக்காவின் தாய்க்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்தினா. தகப்பனார் சிரிக்கவில்லை. “உதெல்லாம் அங்கத்தைய வழக்கம். கழட்டிக்கொண்டு போங்கோ. மற்றதைப் பேந்து கதைப்பம்” என்றார். பிறகு என்ற அந்தப் பேந்து வரப்போவதில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

சித்தப்பா வாசல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தா.

“அங்கை இருக்கேக்கை ஆருக்கும் நட்டனீங்களோ?”

இல்லை என்று சொன்னால் முடிந்துபோகும். நாலாயிரம் மைல் தூரத்து ஊர், யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? சித்தப்பா தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினார்.

“ஓம். ஒருக்கா நட்டனான்.”

அப்பா பல்லைக் கடித்தார். அக்கா கதவு நிலையை விட்டு நிமிர்ந்தா. பிறகு, “அப்பா, அது மாசம் முடியுமட்டும் அங்கையே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனா.

செப்டெம்பரில் கோவிலில் கலியாணம் நடந்தது. என்னுடைய விளக்கத்தால்தான் நடந்தது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நெடுங்காலம் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

ஆனால் அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சரியான கோபம். ஊரில் உள்ள கோழி வரைக்கும் சொன்ன மனிதர் இந்த ஒன்றை என்னிடம் ஒளித்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் முன்னால் இருந்தார்கள். நான் சித்தப்பாவின் பக்கத்தில் இருந்து, அந்த மரத்தை எந்த வீட்டில் நட்டது என்று கேட்டேன்.

“பாலத்துக்கு அங்காலை” என்றார்.

மற்ற ஊர்ப் பக்கம். அங்கே எனக்கு ஒரு வீடும் தெரியாது. மாதம் முடியும் வரை மரத்தை நிற்க விட்டார்களா என்று கேட்டேன். விட்டார்கள் என்றார். நீங்களே போய்க் கழற்றினீர்களா என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றார், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

“அப்ப அவை என்ன சொன்னவை?”

“நல்ல சனம். இருத்திக் கதைச்சவை. கேக் எல்லாம் தந்தவை.”

எனக்குத் திருப்தியாகிவிட்டது. வழக்கத்தை மறக்காத ஆட்கள், நல்ல மனிதர்களாகத்தான் இருக்கவேண்டும். இவ்வளவு நல்ல ஊரை விட்டுவிட்டு இவர் ஏன் எங்கள் சோபாவுக்கு வந்தார் என்று ஒருகணம் யோசனை ஓடியது. அதையும் கேட்காமல், பெண் கொஞ்சினாவா என்றும் கேட்காமல், என்ன கேக் என்று கேட்டேன். அப்பிள் கேக் என்றார்.