எல்லாம் வெள்ளை என்று நினைக்கும் மிஷின்

கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் சீட்டைக் கிழித்து எடுப்பதற்கு முன்பே கமலவேணி அதைத் திருத்திவிடுவார். நீலச் சாயத்துக்கு எதிரே இருக்கும் எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் அதைவிடக் கம்மியாக ஓர் எண் எழுதுவார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னா பாத்துக்னு நிக்கிற? டிரம்ம சுத்தவுடு!" என்று ஆளை விரட்டுவார். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவர் குரல் ரொம்ப ஜாஸ்தி.

ஆம்பூரில் ஷபீ அஹமது பாயின் தோல் தொழிற்சாலையில் அவர் கெமிஸ்ட். நான் ஏற்றுமதிக் கடிதங்கள் தட்டச்சு செய்து, பில்களுக்குப் பணமும் பட்டுவாடா செய்கிறவன். எண்பத்தேழில் பாய் மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும், நிறத்தை அளந்து எந்தச் சாயம் எவ்வளவு போடலாம் என்று கணக்குச் சொல்லும் புரோகிராமும் வாங்கினார். அது வந்து இறங்கிய நாளில் எல்லோருக்கும் பிரியாணி.

முதலில் அதனிடம் கேட்டது கடுகு மஞ்சள். வந்ததோ பச்சையடித்த மஞ்சள். தோலைச் சாயத்தோடு சுற்றவிடும் டிரம் ஆளைத் திட்டினார்கள், பாலாற்றுத் தண்ணீரைத் திட்டினார்கள். கமலவேணி குடியாத்தத்து நெசவு வீட்டுப் பெண். அப்பா லுங்கி நூலுக்குச் சாயம் தோய்த்தவர். ரெண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, இது எங்கப்பாவுக்கு வாங்க வேண்டிய மிஷினு! நூலு வெள்ளை. குரோம் உப்புல ஊறின தோலு நீலம். இதுக்கு எல்லாமே வெள்ளைன்னு நெனப்பு."

அப்படித்தான். பருத்திக்காக எழுதிய புரோகிராமைத் தோலுக்கு விற்றிருந்தார்கள். அதற்குப் பராமரிப்பு என்று வருஷக் கட்டணம் வேறு.

பராமரிப்புக் கட்டணம் என்றாலே கமலவேணிக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். வருஷா வருஷம் தராசைச் சரிபார்க்க வருகிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அன்றைக்கே பணம் கொடுக்கச் சொல்லி என் உயிரை எடுப்பார். "அவரு வந்துட்டுப் போனா முள்ளு நேரா நிக்குது. குடுக்கணும்ல?"

புரோகிராம் கம்பெனியின் சம்பத் போன வருஷம் இரண்டு தடவை வந்தார். மஞ்சள் துணியால் திரையைத் துடைத்தார், 'வேலை திருப்தி' என்ற கட்டத்தில் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். வெள்ளை விஷயத்தைக் கேட்டால், "ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சா அடுத்த பதிப்புல வரும் மேடம்." எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

போன திங்கட்கிழமை புது ஒப்பந்தத்தோடு வந்தார். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். கமலவேணியின் வருஷச் சம்பளமே அவ்வளவுதான். கெமிஸ்ட் கையெழுத்துப் போடாமல் பாய் போட மாட்டார்.

"தப்பு செஞ்சது அவங்க. அத்த திருத்தவும் நம்மகிட்டயே வருஷக் கூலியா?" என்றார் கமலவேணி. "தோலுக்குன்னு மாத்திக் கொண்டாங்க, அந்த நிமிஷமே போட்றேன்."

"ஒப்பந்தம் இல்லாம மிஷின் நின்னா எங்க ஆள் வர மாட்டாங்க மேடம்," என்றார் சம்பத்.

பாய் முகம் மாறிப் போயிற்று. அடுத்த மாதம் ஜெர்மன்காரருக்குச் சரக்கு போக வேண்டும். "கமலாம்மா, பேஜார் பண்ணாத. மிஷின் நின்னு, கலர் தப்பி, ஆர்டர் போச்சுன்னா யாரு பொறுப்பு? உன்ன வேலைல வெச்சுக்க முடியாது, சொல்லிட்டேன்."

கமலவேணி வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பேசாமல் போட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் நேரே என் மேஜைக்கு வந்தார். தட்டச்சு இயந்திரத்திலிருந்து வெள்ளைத்தாளை உருவி, நின்றபடியே எழுதினார்: 'ஒப்பந்தம் வேண்டாம். மிஷின் நின்றாலும் கலருக்கு நான் பொறுப்பு.' கீழே முழுப் பெயர், தேதி. சம்பத்தின் ஒப்பந்தத்துக்கு மேலே அதை வைத்து பாய் பக்கம் நகர்த்தினார். பாய் படித்து முடிக்கிறவரை தாளின் மேல் ஊன்றிய விரலை எடுக்கவில்லை.