ஓ.டி. நிறுத்தத்தில் தங்கைக்காகக் காத்திருந்தோம்

கொரட்டூரில் மின்சார ரயிலை விட்டு இறங்கியபோது மணி ஆறேகால். மாநாடு பத்தரைக்குத்தான். இடையில் இருந்த நேரத்தை நான் வேண்டுமென்றேதான் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். ஈரோட்டிலிருந்து அரக்கோணம் வரை ராத்திரி முழுக்க யோசித்தும் வராத முடிவு கொரட்டூரில் வந்துவிடும் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மாநாடு என்றதும் கட்சி மாநாடு என்று நினைத்துவிட வேண்டாம். சனிக்கிழமை காலைகளில் ஒரு வானொலியில் பழைய பாட்டு நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அதை நடத்தும் அம்மாவுக்கு ஊர் ஊராக ரசிகர்கள் உண்டு. நாங்கள் பாட்டு கேட்டு எழுதுவோம். அவர் எங்கள் பெயரையும் ஊரையும் வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பெயரும் குரலும்தான். அந்த ரசிகர்கள் எல்லோரும் ஒருநாள் நேரில் கூடுவது என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவாகி, அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள்.

என் பெயர் அந்த நிகழ்ச்சியில் தனியாக வந்ததே இல்லை. எப்போதும் என் தங்கையின் பெயரோடு சேர்ந்துதான் வரும். 'ஈரோட்டிலிருந்து அண்ணனும் தங்கையும்' என்று அந்த அம்மா சொல்லும்போதே குரலில் ஒரு சிரிப்பு இருக்கும். பாட்டைத் தேர்ந்தெடுப்பது தங்கை. தையல் மிஷின் மேலேயே ரேடியோவை வைத்திருப்பாள். எழுதி அனுப்புவது மட்டும் நான். போனில் பேசும் வாய்ப்பு கிடைத்தால் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவள்தான் பேசுவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில், காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பதினோராம் நாள் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பழக்கத்தில், ஒரு பாட்டு கேட்டு அனுப்பினேன். கீழே எங்கள் இரண்டு பெயரையும் போட்டேன். மறுநாள் அந்த அம்மா அவள் பெயரை அதே சிரிப்போடு வாசித்தார். என் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். நான் தனி ஆள், யார் உச்சரிப்பார்கள்? அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரமும் இரண்டு பெயரையும் போட்டு அனுப்பினேன். தங்கச்சி ஏன் பேசுவதில்லை என்று குழுவில் கேட்டார்கள். தொண்டையில் கோளாறு, டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார், இனிமேல் போனில் நான்தான் பேசுவேன் என்று எழுதினேன். ஒரு பொய்தான். அதை நாலு வருஷம் சோறு போட்டு வளர்த்தேன்.

இப்போது இருவரையும் மேடையில் ஏற்றிச் சால்வை போடப் போகிறார்களாம். வர முடியாது என்று இரண்டு தடவை தட்டிக் கழித்தேன். அப்படியானால் வேன் வைத்துக்கொண்டு நாங்களே ஈரோட்டுக்கு வந்துவிடுகிறோம் என்றார்கள். அதனால்தான் கிளம்பி வந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது இன்னொரு பொய்யைச் சொல்லித் தப்பிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் மானம் போகும், அதுகூடப் பரவாயில்லை. அதன் பிறகு அவள் பெயரை வானொலியில் யாரும் வாசிக்க மாட்டார்கள். 

ஊர் சுற்றிப் பார்ப்பவன்போல நடந்தேன். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள் கையை வீசி வீசிப் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. எதிர்க்கரை அடுக்குமாடிகளில் துணி காய்ந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தால், 'அண்ணனும் தங்கையும் கிளம்பியாச்சா?' என்று ஒருவர். 'தங்கைக்கு நடு நாற்காலி' என்று இன்னொருவர். போனை அணைத்தேன்.

கரையோரக் கடையில், "ஒரு டீ குடுங்க, சக்கரை கம்மியாப் போடுங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் போகாத எண்ணெய்க் கறை.

"அண்ணாத்தே, நீங்க ஈரோடுதானே?"

ஆமாங்க என்று தலையை ஆட்டினேன்.

"கொரல்லயே கண்டுகினேன். நான்தான் கள்ளிக்குப்பம். எஸ்டேட்ல லேத்து ஓட்டிகினு கீறேனே, அந்த ஆளு."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டும் அவரைக் குழுவில் தெரியாதவர் கிடையாது. மண்டபம் பிடித்ததே அவர்தான். எங்கள் கூட்டத்தில் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொள்ள முடியும். முகத்தை மறைக்கலாம், சட்டையை மாற்றலாம், வாயைத் திறந்தால் போச்சு. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி எங்க கீறாங்க?"

சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டமில்லை. நான்கு சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பூந்தமல்லியில சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருக்குதுங்க. அங்கிருந்து பஸ்ஸுல நேரா வந்துருமுங்க."

"அம்பத்தூர் ஓ.டி. ஸ்டாப்புக்குத்தானே வரும் அந்த வண்டி? புது ஊர்ல அது தனியா இறங்கி முழிக்கும். வாங்க, வண்டி கீது, நாம போய்க் கூட்டிகினு வந்துடலாம்."

வேண்டாங்க, அது வந்துக்குமுங்க என்று எத்தனை விதமாகச் சொன்னேன். மனுஷர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் காற்றை மீறிக் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணு செஞ்சிகீறேன் அண்ணாத்தே. அவங்களுக்குத்தான் பேச முடியாதே. அதனால மேடையில அவங்க நிக்கும்போது அவங்க பழைய கொரலைப் போடப் போறேன். போன்ல பேசுனதெல்லாம் ரேடியோவுலேர்ந்து வாராவாரம் புடிச்சு வெச்சிகீறேன்."

என்னிடம் அவள் குரல் இல்லை. போட்டோ இருக்கிறது, தைத்துக் கொடுத்த சட்டைகள் இருக்கின்றன. குரலைப் பிடித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அவள்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாளே. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்திருந்தால் தூசி என்று அவர் நினைத்திருப்பார்.

ஓ.டி. நிறுத்தத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு அவர் முன்னால் போய் நின்றுகொண்டார். முதல் பஸ் வந்தது. இறங்கிய பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"இன்னா கலர் பொடவை?"

"தெரியலைங்க."

"போன் போடுங்களேன்."

"எடுக்காதுங்க. பேசக் கூடாதில்லீங்களா."

பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டே போனது. எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னும் ஒரு பஸ், அதன் பிறகு, உடம்பு சரியில்லாமல் திரும்பிவிட்டாள் என்று சொல்லிவிடலாம். அவரை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, இப்படியே ரயில் பிடித்துவிடலாம். குழுவிலிருந்தும் விலகிவிடலாம். கணக்குப் போட்டபடி நின்றேன்.

இரண்டாவது பஸ்ஸும் வந்தது, போனது. மூன்றாவது பஸ் தூரத்தில் திரும்பும்போது ஒன்று கவனித்தேன். நானும் எக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் தெரிந்த முகங்களில் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். சும்மா பாவனைக்கு அல்ல. நிஜமாகவே தேடினேன்.   இந்த வண்டியில் வந்துவிடுவாள் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அந்த நொடியில் பயந்துபோனேன்.

நீலப் புடவை கட்டிய ஒரு பெண் கையில் பையோடு இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவர் முகம் மலர்ந்து, கும்பிட்டபடி அவளை நோக்கிப் போனார்.

"இல்லீங்க" என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். "அது வராதுங்க. அது செத்து நாலு வருஷமாச்சுங்க."

அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. அந்தப் பெண் எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலகிப் போனாள். பஸ் கிளம்பியது. பிறகு அவர் நிழற்குடையின் சிமெண்டுத் திட்டில் போய் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை, இரண்டு பெயர், தொண்டை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம் பொஞ்சாதி செவ்வாக்கெழமைல உப்பு சேத்துக்க மாட்டா. நாலு வருசமா. எதுக்குத் தெரியுமா? உன் தங்கச்சி தொண்டை சரியாவணும்னு திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிகினா."

அதுவரை 'நீங்க' என்று பேசியவர் 'உன்' என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

"அவளாண்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

ரயில் பிடிக்கும் யோசனை அதோடு போயிற்று. அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டாத குறைதான். வருபவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் நீட்டியபடி அவர் மனைவி நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள். புருஷனோடு வருபவன் யார் என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டு, எனக்குப் பின்னால் பார்த்தார். காலையிலிருந்து அதே இடத்தைப் பார்க்கும் இரண்டாவது ஆள். அவரைத் தனியாகச் செருப்பு விடும் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"எந்த மாசம்?" என்று கேட்டார்.

"தைங்க."

விரல் விட்டு எண்ணினார். "நான் உப்பை விட்டது சித்திரையில."

நான் தலை குனிந்து நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப அதெல்லாம் யாருக்குப் போச்சு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து நிஜமாகவே கேட்டார்.  மன்னிச்சுக்கங்க என்றேன். அவர் சந்தனக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பத்தரைக்கு வானொலி அம்மா மேடைக்கு வந்து, வழக்கம்போல ஊர் சொல்லிப் பெயர் வாசித்தார். அவரவர் எழுந்து கும்பிட்டார்கள். ஈரோடு வந்தது. அண்ணனும் தங்கையும் என்று அதே சிரிப்போடு சொன்னார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். நான் மட்டும் எழுந்து, கைதட்டல் ஓயும்வரை நின்று, மைக்கைக் கேட்டு வாங்கினேன். பஸ் நிறுத்தத்தில் சொன்னதையே சொன்னேன். மைக் பல்லில் இடித்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை.  மேடையில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலி. முன் வரிசையிலிருந்து லேத்துக்காரர் எழுந்து ஸ்பீக்கர் அருகே போனார். குனிந்து தன் போனைச் சொருகினார்.

"இது போடறதுக்காவ வெச்சது. போடறேன்" என்று பொதுவாகச் சொன்னார்.

முதலில் இரைச்சல். பிறகு என் தங்கை.

"வணக்கம்மா, ஈரோட்டுலிருந்து பேசறேனுங்க... அண்ணா, அந்த ரேடியோவக் கொறைச்சு வையி, நான் பேசறது எனக்கே ரெண்டாக் கேக்குது."

ரேடியோவை அணைக்காமல் பேசுவது, போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். கூட்டத்தில் யாரோ தெரியாமல் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பதிவில் எங்கோ தள்ளி, அடுப்படியிலிருந்து, நாலு வருஷத்துக்கும் முந்தைய என் குரல் எரிச்சலாகக் கேட்டது.

"கொறைச்சாச்சு. நீ பேசு."

அவள் பேசினாள். பாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, நான் சட்னியில் உப்பை அள்ளிக் கொட்டுவதைப் பற்றி. பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தது தெரிந்தது. திரும்பினேன். லேத்துக்காரரின் மனைவி. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்தபடி, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார்.