மூலம் என்று சொல்லித் தொலைத்தேன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டாக்டர்கள் சொல்வதில் பாதி புரியாது, புரிந்த பாதியை நினைத்துத் தூக்கம் வராது. புதுக்கோட்டையில் பார்த்த இந்த டாக்டரம்மா முழுக்கப் புரியும்படியே சொன்னார். இரண்டாவது பிரசவத்தில் கிழிந்த சதையை அன்றைக்குச் சரியாகச் சேர்த்துத் தைக்கவில்லையாம். பிறப்புறுப்புக்கும் மலம் போகிற வழிக்கும் நடுவிலுள்ள தசை விலகியே நிற்கிறதாம். அதனால்தான் காற்று அடங்குவதில்லை, வயிறு லேசாகக் கலங்கினாலும் ஓட வேண்டியிருக்கிறது. மறுபடி தைத்தால் பெரும்பாலும் சரியாகும், பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரும் கூட இருப்பார் என்றார்.

உள்ளே பிளாஸ்டிக் வைப்பீர்களா என்று கேட்டேன். இல்லை, உங்கள் சதையைத்தான் ஒழுங்குபடுத்துவோம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். அழகுக்காக அந்த இடத்தில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களும் உண்டு, உங்களுடையது அந்த ரகம் இல்லை என்றும் சொல்லிவைத்தார். புதுக்கோட்டையில் பஸ் ஏறி அன்னவாசலில் இறங்கும்வரை மனசில் அது ஒன்றுதான். ஊரில் அந்த ரகம் என்று நினைத்துவிட்டால்?

அதனால் மாமியாரிடம் மூலம் என்று சொன்னேன். லாரி ஓட்டுகிற கணவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

மூலத்துக்கு வைத்தியம் தெரியாத ஆளே எங்கள் பக்கம் கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை. மறுநாளே மாமியார் துத்திக்கீரை வதக்கினார். எதிர்வீட்டுக்காரர் முள்ளங்கிச் சாறு கொண்டுவந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதும் கிடையாது, ஒரு வைத்தியம் சொல்லாமல் எழுந்து போவதும் கிடையாது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கருணைக்கிழங்கோடு வந்தார்கள். தின்று தின்று தொண்டை அரித்தது. மூலத்தில் கத்தி வைத்தால் திரும்ப வரும், ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டில் முடிவே எடுத்துவிட்டார்கள். எல்லாம் தெரிந்த கணவர், பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்கவில்லை. தனியாகப் பிடித்துக் கேட்டதற்கு, கொஞ்ச நாள் கிழங்கு சாப்பிட்டுத்தான் பாரேன் என்கிறார். இந்த மனுசனை என்ன செய்வது?

ஆபரேஷன் நாள் நெருங்கியது. ஆவுடையார்கோவிலில் இருந்து கணவருடைய அக்கா வந்து இறங்கினார். யாரோ ஒரு வைத்தியரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம், அந்த ஆள் ஒரு தடவை பார்த்துவிட்டு மருந்து கட்டுவாராம். எந்த இடத்தைப் பார்ப்பார்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமியார், கணவர் முன்னாலேயே போட்டு உடைத்தேன்.

"மதினி, எனக்கு மூலமே இல்லை. சின்னவ பொறந்தப்ப கீழ கிழிஞ்சது சேரவே இல்லை. காத்து நிக்க மாட்டேங்குது. சில நாளு வெளிக்கியும் நிக்கிறதில்லை. அதைத் தைக்கத்தான் ஆபரேஷன்."

அவர் போனை எடுத்துத் தேடினார். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே அதில் முதலில் வந்தது.

"இது சினிமாக்காரிங்க பண்ணிக்கிறதுல்ல? வயசுக்கு வந்த பொண்ண வீட்ல வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்குடி இந்த அலங்காரம்?"

"அலங்காரமா? ஒங்க மக கல்யாணத்துல நான் பந்தியில உக்காராம மண்டபத்துக்கு வெளியவே நின்னேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? திமிருன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான இருக்கீங்க."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மாமியார்தான் முதலில் கேட்டார். "அப்ப இம்புட்டுக் கிழங்கையும் எதுக்குடி தின்ன?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "புதன்கிழமை நான் லோடுக்குப் போகலை, கூட்டிட்டுப் போறேன்" என்றார். இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் என்னவாம்? மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன ஊருக்கா சொல்லப்போறேன் என்று மதினி முணுமுணுத்தார். சொல்வார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

தைத்தாயிற்று. இருமினால் பிரியுமா, தும்மினால் பிரியுமா, சிரித்தால் பிரியுமா என்று போகிற தடவையெல்லாம் கேட்டு டாக்டரம்மாவை ஒருவழி ஆக்கிவிட்டேன். தையல் நன்றாகப் பிடித்துவிட்டது, போய்ட்டு வாங்கம்மா என்கிறார். போன வாரம் வயிறு கலங்கியபோது கொல்லைப்புறத்துக்கு மெதுவாக நடந்தே போனேன். இன்றைக்கு மட்டும்தானோ என்னவோ என்ற பயத்தோடுதான் நடந்தேன். ஆனாலும் நடந்துதான் போனேன்.