சிமெண்டில் கரைந்த கருப்பட்டி

எங்கள் அய்யா வீரணன் சுண்ணாம்புக் கொத்தனார். 1940 தை மாதம் வரை அவர் சிமெண்டைத் தொட்டதில்லை.

சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த நல்லகண்ணு, வீட்டின் பின்புறம் உள்ளே பொள்ளலான சிமெண்டுக் கற்களை அடுக்கிக் குளியலறை கட்டியிருந்தார். மதுரை ஃபிட்டர் ஒருவர் வந்து, சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டிக் குழாய் பதித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் காடியை அடைத்துப் பூசும் வேலை அய்யாவுக்கு வந்தது. அது சரியாக அமைந்தால் மாடி கட்டுவதும் அவர்தான். இல்லையென்றால் மதுரை ஆட்கள்.

அன்றிலிருந்து அய்யாவின் கால் தரையில் பாவவில்லை. மேகமலையை விட்டு இறங்கிய மேகம் தோப்புகளின் மேல் அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்தபடி சோற்றில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்.

"செவுத்துக்குள்ள ஒரு வாய்க்கா ஓடப்போகுது, மாயக்கா."

"ஓடட்டும். இங்கன சோறு ஆறுது, அதப் பாருங்க" என்பாள் ஆத்தா. அவருக்குச் சித்தாளும் அவள்தான்.

பெரிய வேலை, பக்குவமும் பெரிதாக இருக்கவேண்டும் என்று, சுண்ணாம்புக்குச் செய்வதுபோல் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சிமெண்டைக் குழைத்தார். பி.ஏ. முடித்து வந்திருந்த நானும், "இன்னும் ரெண்டு வட்டு கருப்பட்டி போடுங்கய்யா" என்றேன்.

பூசி மூன்று நாளாகியும் இறுகவில்லை. விரல் வைத்தால் களிக்குள் போவதுபோல் போயிற்று. எறும்புகள் வேறு சாரை கட்டிவிட்டன.

"எறும்பெல்லாம் மொய் எழுத வந்துருச்சு. நாமதேன் பந்தல் போடல" என்றாள் ஆத்தா.

அய்யா சிரிக்கவில்லை. நல்லகண்ணு வந்து நின்றிருந்தார்.

"ஏப்பா வீரணா, செவுத்துல என்ன பணியாரமா சுட்டு வச்சிருக்க?"

"குழாய்ல கசிவு இருக்கும்போல..." என்று நான் இழுத்தேன். அய்யா கையமர்த்தினார்.

"குழாய் மேல குத்தமில்ல மொதலாளி. சுண்ணாம்பு மாதிரின்னு நெனச்சுக் கருப்பட்டித் தண்ணி ஊத்துனது நாந்தேன். அந்த இனிப்பு சிமெண்ட எறுக விடல."

நல்லகண்ணு கைத்தடி நுனியால் எறும்புச் சாரையைக் கலைத்தார். "இன்னும் நாலு நா தாரேன்" என்று போய்விட்டார்.

முழுவதையும் சுரண்டி எடுத்தோம். கல்லை நனைத்து, வெறும் தண்ணீரில் சிமெண்டைக் குழைத்துப் பூசி, மேலே ஈரச்சாக்கைத் தொங்கவிட்டோம்.

ஐந்தாம் நாள் காலையில் நல்லகண்ணு கைத்தடியால் சுவரைத் தட்டினார். கணீரென்றது. குழாயைத் திறந்தார்.

"சித்திரையில மாடிக்குக் கல்லு இறக்கிருவோம், வீரணா."

அய்யாவுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. கன்னத்தைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடி, உள்ளே ஓடும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.