கட்டுவதும் காட்டுவதும்

தண்டாயுதபாணி நடிகராவதற்கு முன்னால் திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். நின்றார் என்பதுதான் சரியான சொல். கடை ஊழியர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்து, ஆளுக்கொரு ஸ்டூல் போட்ட பிறகும் அந்த ஸ்டூல்களில் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன.

சேலை விற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மடிப்பைப் பிரித்துத் தரையில் விரித்தால் பெண்கள் பார்ப்பார்கள், வாங்க மாட்டார்கள். உடம்பில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதனால் விற்கிறவரே முந்தியை எடுத்துத் தன் இடது தோளில் போட்டு, இடுப்பருகே நாலு கொசுவத்தைக் கையால் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். சட்டை, பேன்ட், பாக்கெட்டில் பேனா, பெரிய மீசை, இவற்றுக்கு மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. திண்டுக்கல்லில் எந்தப் பெண்ணும் இதைப் பார்த்துச் சிரித்தது கிடையாது. "அண்ணே, செத்த திரும்புங்க, பின்னாடி பாப்போம்" என்பார்கள். திரும்புவார். "நடந்து காட்டுங்க" என்று கேட்டவர்களும் உண்டு. நடப்பார்.

ஐம்பத்தேழு வயது வரை தண்டாயுதபாணி இப்படித் திரும்பினார், நடந்தார். அது மாடலிங் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சொன்னவன் அஜய். சின்னாளபட்டியில் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். கடைக்குச் சுங்குடிச் சேலை கொண்டுவந்து போடுவான். தனியாகப் போனில் லைவ் போட்டும் விற்பான். லைவில் சேலை கட்டிக் காட்டும் கல்லூரிப் பெண் ஒரு நாள் பரீட்சை என்று வராமல் போய்விட்டாள். தண்டாயுதபாணிக்கு அன்று வார விடுமுறை.

"அண்ணே, ஒரு மணி நேரம். சும்மா கையில பிடிச்சுக் காட்டுங்க, போதும்."

கையில் பிடித்துக் காட்ட அவருக்குத் தெரியாது. தோளில் போட்டுக்கொண்டார்.

முதலில் யாரோ 'இந்த அண்ணன் யாரு' என்று கேட்டார்கள். பிறகு 'அண்ணே திரும்புங்க' என்று ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் கரூரிலிருந்து ஒரு அம்மா இப்படி எழுதினார்: 'அந்தப் புள்ள என்னத்தக் கட்டுனாலும் நல்லாத்தான் இருக்கும். இவருக்கே எடுப்பா இருக்குன்னா எனக்கு இருக்காதா?'

அன்று பையில் கொண்டுவந்திருந்த சேலை அத்தனையும் தீர்ந்தது. அஜய் மறுவாரமும் கூப்பிட்டான், அதற்கு மறுவாரமும் கூப்பிட்டான். சின்னாளபட்டிச் சாலையில் ஒரு பெரிய பேனரில் தண்டாயுதபாணி ஏறினார். மூன்று நிறத்தில் மூன்று தண்டாயுதபாணிகள், நடுவில் இருப்பவர் மட்டும் திரும்பி நிற்கிறார்.

கடை முதலாளி அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஸ்டூலில் இருந்த பெட்டியை அவரே எடுத்துக் கீழே வைத்தார். அதிலேயே தண்டாயுதபாணிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பாணி, நம்ம சேலையும் உன் தோள்ல. போன்ல விக்கிற சேலையும் உன் தோள்ல. ஒரு தோளாச்சும் எனக்குன்னு இருக்க வேணாமா?"

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் கடையை விட்டார். இனி முழுநேர மாடலிங், வாய்ப்பு வந்தால் நடிப்பு என்று வீட்டில் அறிவித்தார்.

அவர் மனைவி காளியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, "ஏக்கா, நேத்து உங்க வீட்டுக்காரரு கட்டிருந்த ஊதா இருக்கா, தீந்துருச்சா?" என்று கேட்பார்கள்.

"கட்டல. காட்டுனாரு."

"அதான் அதான்."

"எது அதான்? கட்டுறது வேற, காட்டுறது வேற. மாவு ஒரு படிதான?"

கட்டுவது பொம்பளைகள் செய்வது, காட்டுவது வியாபாரம். காளியம்மாளுக்கு இதில் குழப்பம் இல்லை. இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்றாலும், அந்த வீட்டின் மானம் அந்த ஒற்றைக் காலில்தான் நின்றது. மானத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர் காளியம்மாளின் அண்ணன் சடையாண்டி. வேடசந்தூரில் மில் பஸ் ஓட்டுகிறார்.

"மாப்ள, ஷிப்டு முடிஞ்சு வர்ற புள்ளைக அம்புட்டும் பஸ்ஸுக்குள்ள உங்களத்தான் பாக்குதுக. 'டிரைவரண்ணே, இன்னைக்கு உங்க மச்சான் பச்சை'ங்குதுக. நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஹாரன் அடிக்க?"

"ஹாரன் அடிக்க மொகம் எதுக்கு மச்சான்?"

சடையாண்டி தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காட்டுவதோடு இருக்கட்டும், கட்டினார் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன். காளியம்மாள் அதை அப்படியே கணவரிடம் கொடுத்து, தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தார்.

"அண்ணன் வர மாட்டாரு. நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களே மாவு ஆட்டிக்கங்க."

தீபாவளி முடிந்ததும் அஜயின் லைவ் படுத்துவிட்டது. கடையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். தண்டாயுதபாணி வீட்டில் உட்கார்ந்து, காயப்போட்ட துணிகளை எடுத்து மடித்து, யாரும் இல்லாதபோது ஒன்றிரண்டைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சென்னையிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. சேலை விளம்பரம். வடமதுரையில் கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. பிடித்துப்போனால் ஒரு வருடத்துக்கு அந்தக் கம்பெனியின் விளம்பரம் எல்லாவற்றிலும் அவர்தான்.

சென்னைக்காரர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். தண்டாயுதபாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்: "நீங்க சேலை காட்டணும். ஜாக்கெட்டுக்கு அளவு அனுப்பவும்."

"ஜாக்கெட்டா?" என்றார் காளியம்மாள்.

"சினிமாக்காரங்க ஜாக்கெட்னா கோட்டுடி. கோட்டு மேல சேலையப் போட்டுக் காட்டச் சொல்லுவாங்க. ஸ்டைலு."

அஜய் வந்து அளவெடுத்தான். கைச்சுற்றளவு கேட்டிருந்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை.

வடமதுரை மண்டபத்தில் காலையிலேயே நூறு விளக்கு எரிந்தது. இயக்குநர் அறிவுச்செல்விக்கு முப்பது வயதுகூட இருக்காது. "வாங்க சார், உங்க ஃபேன் நான்" என்று சொல்லி, ஒரு கவரை அவர் கையில் கொடுத்தார். உள்ளே மாம்பழ நிறத்தில் கையில் ஜரிகை வைத்த ஜாக்கெட். அளவு கச்சிதமாக இருக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கூடவே கொண்டை வைத்த ஒரு சவுரி.

"இது யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான் சார். மாமியார் நீங்க. மருமகளும் நீங்களும் ஒரே சேலைக்குச் சண்டை போடுறீங்க. மீசையோட. அதான் காமெடி."

"நான் காட்டுறவன்மா. கட்டுறவன் இல்ல."

"மெசேஜ்லயே போட்டிருந்தோமே சார், சேலை கட்டணும்னு."

"காட்டணும்னுல்ல போட்டிருந்துச்சு."

இருவரும் போனைக் குனிந்து பார்த்தார்கள். அவர் ஒருமுறை படித்துக் காட்டினார், அறிவுச்செல்வி ஒருமுறை படித்துக் காட்டினார். இரண்டும் சரியாகவே இருந்தது. ஆங்கில எழுத்துக்குக் கால் கிடையாது.

தண்டாயுதபாணி வாசலுக்கு வந்து அஜய்க்குப் போன் போட்டார்.

"கட்டுனா என்னண்ணே? உள்ள பேன்ட்டப் போட்டுக்கங்க."

"காளியம்மா மத்தியானம் சோத்தத் தூக்கிட்டு வருவாடா. சுகர்னு வெளிச்சாப்பாடு விட மாட்டா."

"அப்ப மத்தியானத்துக்குள்ள கட்டி அவுத்துருங்க."

முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்ற முடிவோடுதான் அவர் உள்ளே போனார். அங்கே சமையல் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் சகாயராஜ் கரண்டியோடு நின்று அறிவுச்செல்வியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவரு மாட்டேன்னா விடுங்கம்மா. மீசை நமக்கும் இருக்குல்ல?"

சொல்லிக்கொண்டே, விளம்பரத்துக்கு வைத்திருந்த சேலையை எடுத்துத் தன் மேல் போட்டார். வலது தோளில் போட்டார். முந்தி தரையில் கிடந்தது. அதன் மேலே அவருடைய செருப்புக் கால் இருந்தது.

"காலை எடுங்க" என்றார் தண்டாயுதபாணி.

"நல்லா இருக்கா?"

"மொதல்ல காலை எடுங்க. குடுங்க இப்படி."

"அப்ப யாரு கட்டுறது?"

"நான்தான் கட்டுறேன். குடுங்கங்கிறேன்ல."

இப்படித்தான் அது நடந்தது. மேக்கப் போடும் பெண் கட்டிவிட்டார். தண்டாயுதபாணிக்குக் கொசுவம் பிடிக்கத் தெரியும், சொருகத் தெரியாது. கையால் பிடித்துக்கொண்டு நின்றே அவருக்குப் பழக்கம். கண்ணாடியில் பார்த்தபோது தன் பெரியம்மா மீசை வைத்த மாதிரி இருந்தது.

'ஆக்ஷன்' என்றார்கள். மருமகளாக நடிக்கும் பெண், "அத்தை, அது எனக்கு எடுத்த சேலை" என்றாள். தண்டாயுதபாணி "எனக்குத்தான்" என்று சொல்ல வேண்டும். அந்த நொடியில் அவருடைய வலது கை தானாகப் போய் முந்தியை எடுத்து, காமிராவை நோக்கி விசிறிவிட்டது. "முந்தியப் பாருங்கம்மா, பூரா புட்டா, சாயம் போகாது" என்றார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி கை போனது. கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிய கை அவிழ்ந்து போனது. தாம்பாளத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தாம்பாளத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு முந்தியை விசிறினார். ஒவ்வொரு விசிறலுக்கும் சேலை ஒரு சுற்று அவிழ்ந்தது. பின்னால் யாரோ "மாமியாருக்கு அவுந்துபோச்சுடோய்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சாயங்காலம் அந்த மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. அதற்குள் காலி செய்ய வேண்டும். அறிவுச்செல்வி சமையல் பக்கமாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே சகாயராஜ் கை கழுவித் தயாராக நின்றார்.

காளியம்மாள் வந்தது அப்போதுதான், இரண்டு ஷாட்டுக்கு நடுவில். தூக்குவாளியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவருக்கு முன்னால் கொண்டை போட்ட ஒரு உயரமான அம்மாள் மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஏக்கா, செத்த தள்ளி நில்லுங்களேன். எங்க வீட்டுக்காரரு நடிக்கிறாராம், பாக்கணும்."

அந்த அம்மாள் தள்ளி நிற்கவில்லை. மெதுவாகத் திரும்பினார்.

காளியம்மாள் வாளியைக் கீழே வைத்தார்.

"கட்டிட்டீங்க."

"நான் கட்டல காளியம்மா. கட்டிவிட்டுட்டாங்க."

"ம்."

"நான் மாட்டேன்னா அவரு கட்டுறேங்கிறாரு" என்று சகாயராஜைக் காட்டினார். காளியம்மாள் சகாயராஜை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "அந்த வயித்துக்கு ஆறு கெஜம் எந்த மூலைக்கு?"

'ஆக்ஷன்' என்று குரல் வந்தது. தண்டாயுதபாணி ஓடிப்போய் விளக்கடியில் நின்றார். கை போனது, முந்தி பறந்தது. பின்னாலிருந்து அதே குரல் "உருவிட்டாரு" என்றது. மறுபடி சிரிப்பு.

காளியம்மாள் திரும்பி அந்த ஆளைப் பார்த்தார். சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு அவர் யாரிடமும் கேட்காமல் வெளிச்சத்துக்குள் நடந்துபோய், கணவர் முன்னால் நின்று, சரிந்த சேலையை இழுத்துச் சொருகினார். "மூச்ச இழுங்க. இன்னும் இழுங்க. பொம்பளைக தினம் இப்படித்தான் இழுக்குறோம்." முந்தியை மடித்துத் தோளில் வைத்தார். கழுத்துக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை வெளியே எடுத்தார். அதில் எப்போதும் ரெண்டு ஊக்கு தொங்கும். இரண்டையும் கழற்றி, முந்தியை ஜாக்கெட்டோடு சேர்த்து அழுத்திக் குத்தினார்.

"இப்ப இழுங்க பாப்போம்."

தண்டாயுதபாணி இழுத்தார். வரவில்லை.

"எடுத்துக்கங்கம்மா" என்று அறிவுச்செல்வியிடம் சொல்லிவிட்டுக் காளியம்மாள் ஓரமாக வந்தார்.

மருமகள் "அத்தை, அது எனக்கு எடுத்த சேலை" என்றாள். மாமியாரின் கை முந்திக்குப் போனது, இழுத்தது, மறுபடி இழுத்தது, நின்றுவிட்டது. விற்க வழியில்லாமல் அவர் மருமகளைப் பார்த்த பார்வையில் அப்படியொரு வெறுப்பு இருந்தது. "எனக்குத்தான்" என்றார். அறிவுச்செல்வி அதை இரண்டாவது தடவை எடுக்கவே இல்லை. ஒரு வருட ஒப்பந்தத்தை எப்போது அனுப்பட்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டார்.

"தமிழ் எழுத்துல அனுப்புங்கம்மா" என்றார் காளியம்மாள்.

மத்தியானமும் படப்பிடிப்பு இருந்ததால் தண்டாயுதபாணி சேலையோடுதான் சாப்பிட உட்கார்ந்தார். காளியம்மாள் அவர் மடியில் ஒரு துண்டை விரித்து, கேப்பைக் களியும் வெஞ்சனமும் வைத்தார். "சிந்திராம சாப்புடுங்க. சேலை அவங்களது." அண்ணன் வீட்டுக்குப் போவதைப் பற்றி மனைவி எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டே அவர் சாப்பிட்டார்.

அண்ணனே போனில் வந்தார். வடமதுரையிலிருந்து மில்லுக்கு வரும் பெண்கள் யாரோ மண்டபத்து ஜன்னல் வழியாகப் பார்த்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

"ஏத்தா, கட்டிட்டாராமுல்ல?"

தண்டாயுதபாணி களியை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டார். காளியம்மாள் வெஞ்சனக் கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"ஆமாண்ணே, கட்டிருக்காரு. நான்தான் ஊக்குக் குத்திவிட்டேன்."

அந்தப் பக்கம் மில் பஸ்ஸின் எஞ்சின் மட்டும் உறுமியது.

"போட்டோவப் பாத்தில்ல? சேலை எப்படி இருக்குன்னு சொல்லு. மதினிக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லவா?"

உறுமல் நின்றது. சடையாண்டி வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி அவர் கேட்டார்.

"வேற கலர் இருக்கா?"