குஞ்சம்மாள் போட்ட குலவை

குஞ்சம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ். தா.பழூர்ப் பக்கம் காது ஒழுகினால் அந்தக் காலத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார்கள். அவளுக்கும் முப்பது வருடம் ஊற்றினார்கள். சீழ் உள்ளே எலும்பை அரித்துக்கொண்டே போனது. 2005 ஆனியில் தலை சுற்றி வரப்பிலேயே விழுந்த பிறகுதான் திருச்சியில் ஆபரேஷன்.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி பார்த்தாள். இடது கன்னம் தொங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண் மூடவில்லை. வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"முகத்து நரம்பு வரைக்கும் அரிச்சிருந்துச்சும்மா. விட்டிருந்தா மூளைக்குப் போயிருக்கும். முகம் கொஞ்சம் தேறலாம், முழுசா வரும்னு சொல்ல முடியாது. காதுல தண்ணி மட்டும் படக்கூடாது" என்றார் டாக்டர்.

"நடவுக்குப் போவலாமுல்லங்க?" என்று கேட்டாள்.

பதினெட்டுப் பேர் கொண்ட நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. முதல் நாற்றை வயலின் வடகிழக்குச் சனிமூலையில் ஊன்றி அவள் குலவை போட்டால்தான் மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். பன்னிரண்டு வருட உரிமை அது. ஊர்வாய் சும்மா இருக்குமா? கோணவாய்க்காரி கைவைத்தால் வெள்ளாமை விளங்குமா என்றது.

புரட்டாசியில் முதல் நடவு சிவசுப்பிரமணியன் வயலில். அவர் வரப்பில் நின்று நெளிந்தார்.

"இந்த ஒரு வருஷம் மொத நாத்த உன் செட்டு இருசம்மா வைக்கட்டுமே, குஞ்சம்மா."

"ஏங்க, என் வாய்தான கோணியிருக்கு? நான் நட்ட வரிசை என்னிக்காவது கோணுச்சா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிவிட்டாள். காதில் தண்ணீர் படாமலிருக்க எண்ணெய்ப் பஞ்சு, மூடாத கண்ணுக்குத் துணிக்கட்டு. நாற்றை ஊன்றிவிட்டுக் குலவைக்கு நாக்கைச் சுழற்றினாள். தொங்கிய பக்கமாகக் காற்று புஸ்ஸென்று போனது. யாரோ சிரித்தார்கள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகையை விழுங்கினாள், ஆத்திரத்தை வைத்துக்கொண்டாள். சேற்றுக் கையாலேயே கன்னத்தைத் தூக்கிப் பிடித்து மறுபடி போட்டாள். கரகரவென்று, பாதி உடைந்துதான் வந்தது. விடவில்லை, மூச்சு முட்டும்வரை போட்டாள். முதலில் கூடச் சேர்ந்தது இருசம்மாள்தான். பிறகு எல்லாரும்.

சிவசுப்பிரமணியன் வீட்டம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"கன்னமெல்லாம் சேறா இருக்கு. பாத்துக் கழுவிக்க, குஞ்சம்மா."

"இருக்கட்டும்ங்க. இன்னும் மூணு வயல்ல குலவை போடணும்" என்று சொல்லி அடுத்த நாற்றுமுடியைப் பிரித்தாள்.