ஜாஹிரா பீவி விட்டுக்கொடுத்த குதிரை

ஜாஹிரா பீவியின் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பிரசவ வலி எடுத்துவிட்டதென்று ஆள் வந்து கூப்பிட்டு நான் போனபோதும் அவள் ராட்டினத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். வலது கை சக்கரத்தைச் சுற்றியது. இடது கை விரலிடுக்கில் நூல் ஓடி, தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் ஏறியது. வலி வந்தால் சக்கரம் நிற்கும், போனதும் மறுபடி சுற்றும்.

"இந்தத் தாரு முடிஞ்சிரட்டும் நர்ஸம்மா" என்றாள்.

மூன்று பெண்களைப் பெற்றவள். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தாரை முடித்து நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்தாள். விளக்கு வைப்பதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் என்றேன்.

"நல்லாப் பாருங்க" என்றாள்.

பெண் என்று சொன்னால் இப்படிக் கேட்கிறவர்களைத் தென்காசியில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண் என்று சொல்லி ஒருத்தி நம்ப மறுத்தது அன்றைக்குத்தான். மறுபடி பார்த்து, ஆண்தான் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வெளியே நின்ற பெண்கள் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். ஆனந்தத்தில் அழுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவதில்லை.

அவள் பிறந்தது கடையநல்லூரில், தறி ஓடுகிற வீட்டில். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஏழு வயதில் அவனுக்குச் சுன்னத் கல்யாணம் செய்தார்கள். மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, கறிச்சோறு போட்டார்கள். வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. சாம்பல் வைத்தார்கள், காப்பித்தூள் வைத்தார்கள், ஓதி ஊதினார்கள். பிள்ளை வெளுத்துப்போய்ச் செத்துவிட்டது. கண்ணேறு என்று முடிவு செய்தார்கள். சில வருஷம் கழித்து அவளுடைய அக்காள் மகனுக்கும் இதேதான் நடந்தது. அந்த முறை, சுன்னத் செய்கிற ஒஸ்தா வாசலேறும்போது எதிரே எண்ணெய்க் குடம் வந்ததுதான் காரணம் என்றார்கள். ஒரே குடும்பத்தில், ஒரே மாதிரி, பெண்வழியில் ரெண்டு ஆண்பிள்ளைகள். எண்ணெய்க் குடத்தின்மேல் பழி போடத் தெரிந்த ஊருக்கு அந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. ஜாஹிரா பீவி சேர்த்துப் பார்த்துவிட்டாள். அதனால்தான் மூன்று பெண் பிறந்தபோதும் யாருக்கும் தெரியாமல் அல்லாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

அவள் புருஷன் துல்கர்னைன் குற்றாலத்தில் துண்டு விற்பவர். மாமனார் வீட்டுத் தறியில் நெய்த துண்டுதான். சீசன் மூன்று மாதம் அருவிக்குப் போகிற வழியில் கடை. மீதி மாதங்கள் தென்காசி டீக்கடையில் பேச்சு. நல்ல மனுஷர், பெண்டாட்டியை அடித்ததில்லை, பிள்ளைகளைப் பட்டினி போட்டதில்லை. ஆனால் ஒரு குதிரை அவர் நெஞ்சில் முப்பது வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

அந்தக் குதிரை ஒரு மரக்கடை முதலாளி வீட்டுப் பையன் ஏறியது. வசதியுள்ளவர்கள் தங்கள் மகனுக்குச் சுன்னத் செய்யும்போது ஏழைப் பையன்கள் நாலைந்து பேரையும் சேர்த்துச் செய்துவைப்பது புண்ணியம் என்று வழக்கம். முதலாளி மகன் குதிரையில் போவான். புண்ணியப் பையன்கள் பின்னால் நடந்து வருவார்கள். துல்கர்னைன் அப்படி நடந்து போனவர். குதிரை போகிற வழியில் சாணி போட்டது, அதை மிதிக்காமல் நடக்க முடியவில்லை என்று என்னிடமே ரெண்டு முறை சொல்லியிருக்கிறார். அன்று வெட்டியது வலித்ததா என்று கேட்டால் ஞாபகமில்லை என்பார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சீசன் நேரத்தில் அவருக்கு மகன் பிறந்ததும், அதே மரக்கடை வீட்டிலிருந்து ஆள் வந்தது. முதலாளியின் பேரனுக்கு அடுத்த மாதம் சுன்னத். துல்கர்னைன் மகனையும் சேர்த்துச் செய்துவிடலாமாம், பச்சைப் பிள்ளைக்குச் சீக்கிரம் ஆறிவிடுமாம். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். துல்கர்னைனுக்குச் சாணி நாற்றம் வந்துவிட்டது. நேரே டீக்கடைக்குப் போய், பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்த மறுநாளே தன் மகனுக்குத் தனியாகச் சுன்னத் கல்யாணம், கொட்டு உண்டு, குதிரை உண்டு என்று அங்கிருந்த அத்தனை பேரையும் அழைத்துவிட்டு வந்தார். கழுத்து நிற்காத பிள்ளை எப்படிக் குதிரையில் உட்காரும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் மடியில வச்சுக்கிடுவேன் என்றாராம் இவர்.

நான் ஜாஹிரா பீவியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இது சில குடும்பங்களில் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருகிற கோளாறு, ரத்தம் உறையாது என்றார். இந்தப் பிள்ளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தவழ ஆரம்பித்தால் உடம்பே சொல்லிவிடும், அதுவரை கத்தி படவே கூடாது என்றார். உடம்பு பிறகு சொல்லத்தான் செய்தது. தவழத் தொடங்கியதும் பையனுக்கு முட்டி ரெண்டும் வீங்கின, பல் முளைத்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்தது. ஜாஹிரா பீவி கடைத் துண்டை நாலாக மடித்து முட்டிக்கு மெத்தை தைத்துப் போட்டே அவனை ஆளாக்கினாள். இன்றைக்கு அந்தத் துண்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான். ஆனால் டாக்டர் சொன்ன அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? 'இல்லாமலும் போகலாம்' என்பதை மட்டும் துல்கர்னைன் பிடித்துக்கொண்டார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டாள் ஜாஹிரா பீவி. உயிருக்குப் பயம் என்று வைத்தியர் சொன்னால் செய்யத் தேவையில்லை, மார்க்கம் பிள்ளையைக் கொல்லச் சொல்லவில்லை என்று பதில் வந்தது. மார்க்கத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. டீக்கடையோடுதான் முடியவில்லை.

"ஹஜ்ரத்து சொல்லிட்டாருன்னா ஊரு கேட்டுருமா? அத்தன பேரையும் கூப்ட்டாச்சு ளா" என்றார் துல்கர்னைன். நான் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவள் ராட்டினத்தை நிறுத்தவில்லை.

"கேக்கேன், சொல்லுங்க. பதினைஞ்சு நாளா குதிரைக்கு என்ன சேணம், கொட்டுக்கு யாரு, நீங்க என்ன தொப்பின்னுதான் பேசுதிய. பிள்ளையப் பத்தி ஒரு பேச்சு உண்டுமா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"உங்களுக்கு வேண்டியது சுன்னத்தா, குதிரையா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் காதைத் துடைத்தேன்.

"அப்ப குதிரைய நீங்க வச்சுக்கிடுங்க. பிள்ளைய எனக்கு விட்டுருங்க" என்றாள்.

"ஒஸ்தா வருவாரே?"

"வரட்டும். அவருக்கு உள்ளத நான் குடுத்துருதேன். கதவச் சாத்திட்டு ஒரு சாயா குடிச்சிட்டுப் போவட்டும்."

இந்த ஏற்பாட்டைக் கேட்ட ஹஜ்ரத் மட்டும் ஒன்று சொன்னார். தான் பொய் சொல்ல முடியாது, யார் கேட்டாலும் நடந்ததைச் சொல்லிவிடுவேன் என்றார். ஜாஹிரா பீவி சம்மதித்தாள். அவளுக்கு ஊரைத் தெரியும்.

தென்காசியில் ஊர்வலக் குதிரைக்கு எங்கே போவது? ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் ஜட்கா ஓட்டுகிற சுடலைமாடனிடம்தான் போனார்கள். சுடலைமாடன், குதிரை சாது, ஆனால் வண்டியில்லாமல் போய்ப் பழக்கமில்லை என்று சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. சேணம் போட்டு, ஜரிகைத் துணி போர்த்தி, துல்கர்னைன் மாலையும் தொப்பியுமாக ஏறி உட்கார்ந்தார். மடி காலியாக இருந்தது. பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம், வெயில் என்றார்.

தெரு முழுக்க மரியாதையாகத்தான் போனது. குற்றாலம் ரோடு திரும்புகிற முக்கு வந்ததும் குதிரைக்குத் தன் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. கொட்டுக்காரர்கள் நேரே போனார்கள், குதிரை திரும்பியது. பின்னால் வண்டிப் பாரமும் இல்லை. மூன்று மைலும் ஓடி, அருவிக்கரை ஜட்கா ஸ்டாண்டில் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய்த்தான் நின்றதாம். குளித்துவிட்டு வந்தவர்கள், மாப்பிள்ளை எந்த ஊரு என்று கேட்டிருக்கிறார்கள். சேணத்திலிருந்து இறங்க முடியாமல் அவர், "இங்கனதாம்யா, துண்டுக் கடை" என்றாராம்.

இங்கே வீட்டில் காரியம் நிற்கவில்லை. ஹஜ்ரத் துஆ ஓதினார். ஒஸ்தா பையோடு உள்ளே போனார், கதவைச் சாத்தினார், சாயா குடித்தார், வெளியே வந்தார். பிள்ளை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"சத்தமே கேக்கலையே, தைரியசாலிப் பிள்ள" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிங்கக்குட்டி என்றாள் இன்னொருத்தி. நடந்ததைச் சொல்லக் காத்துக்கொண்டு ஹஜ்ரத் வாசலில் வெகுநேரம் நின்றார். அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுதான் கேட்டார்கள், சோறு வெந்தாச்சா என்று. பிள்ளையின் பேரை விசாரித்தவர்கூட ஒருத்தருமில்லை. மரக்கடை முதலாளி வந்து ரெண்டு முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர் இருட்டியபிறகுதான் வந்து சேர்ந்தார், ஜட்காவில், குப்புறப் படுத்து.

மறுநாள் காலை நான் போனேன். வெட்டுப்பட்ட பையன்களுக்குத் துணி புண்ணில் உரசக் கூடாதென்று வேட்டியின் நடுவை ஒரு கயிற்றால் உத்தரத்தில் தூக்கிக் கட்டுவார்கள். அப்படிக் கட்டிய வேட்டிக்கு அடியில் துல்கர்னைன் காலை அகட்டிப் படுத்திருந்தார். தொடை ரெண்டும் தோல் உரிந்திருந்தது. கழுவி, களிம்பு தடவி, ரெண்டு நாள் எழுந்திருக்கக் கூடாது என்றேன். வலிக்கிறது என்றார். வலிக்கத்தான் செய்யும் என்றேன்.

சுன்னத் பிள்ளைக்குப் புண் ஆறுவதற்கென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் நாட்டுக்கோழி முட்டையும் நெய்யும் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜாஹிரா பீவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். முட்டைகளை அவித்துப் புருஷனுக்கு ரெண்டு வைத்தாள், பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, மீதியைப் பால் கொடுக்கிற உடம்பு என்று தானே தின்றாள். பிறகு பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து, புதுத் தார் ஒன்றை எடுத்து மாட்டினாள்.